அச்செபே வீட்டில் மூன்று பெயர்கள்

நைஜீரியாவின் தென்கிழக்கில், நைஜர் ஆற்றங்கரை நகரமான ஒனிச்சாவுக்குப் பக்கத்தில் ஒகிடி என்றொரு ஊர். அந்த ஊர்க்காரரான ஓர் உபதேசியாருக்கு 1930 நவம்பரில் மகன் பிறந்தான். ஆல்பர்ட் சினுவாலுமோகு என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆல்பர்ட் என்பது விக்டோரியா மகாராணியின் கணவர் பெயர். இபதானுக்குக் கல்லூரி படிக்கப் போன பையன் அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டான், மிச்சத்தையும் சுருக்கிக்கொண்டான். அவர்தான் எழுத்தாளர் சினுவா அச்செபே.

சுருக்கியதில் ஒரு வேடிக்கை நடந்தது. சினுவாலுமோகு என்பது முழு வாக்கியம்: 'எனக்காகக் கடவுள் சண்டை போடட்டும்.' அதில் 'சினுவா'வோடு நிறுத்தினால் கடவுள் கையை ஓங்குவது வரைதான் இருக்கிறது. யாருக்காக என்பது வெட்டுப்பட்ட பாதியோடு போய்விட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர் பாதியில் நிற்கும் ஒரு பிரார்த்தனை.

அச்செபே பிறந்த இக்போ இனத்து மக்களின் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான். எழுவாய் இருக்கும், வினை இருக்கும், சில சமயம் கேள்விக்குறிகூட இருக்கும். (இக்போ என்பதும் நம் எழுத்துக்கு அடங்காத சொல். நடுவில் வருவது 'க்', 'ப்' என்ற இரண்டு ஒலிகள் இல்லை. நாக்கின் பின்பகுதியும் உதடுகளும் ஒரே நேரத்தில் மூடித் திறக்கும் ஒற்றை ஒலி. அது வாயில் வராத வெள்ளையர்கள் 'இபோ' என்றே எழுதி வைத்தார்கள்.)

பெயருக்குள் இருக்கும் யந்திரத்தைப் பார்க்க 'கா' என்ற ஒரே வினை போதும். மிஞ்சு, விஞ்சு என்று பொருள். 'இதைவிட அது பெரிது' என்று சொல்ல இக்போ மொழி இந்த வினையைத்தான் பிடித்துக்கொள்கிறது. ந்டு என்றால் உயிர். ந்டுகா என்றால் 'எல்லாவற்றையும்விட உயிர் பெரிது'. ந்வா என்றால் பிள்ளை, ஏகோ என்றால் பணம். ந்வாகாயேகோ, 'பணத்தைவிடப் பிள்ளை பெரிது'. ந்கிருகா என்ற பெண்ணின் பெயருக்கு 'முன்னால் வரப்போவதே பெரிது' என்று பொருள். அஸுகா என்றால் நேர் எதிர், 'பின்னால் இருப்பதே பெரிது'. கால்பந்து ரசிகர்கள் ஜே-ஜே என்று கூப்பிட்ட ஒகோச்சாவின் சொந்தப் பெயர் இந்த அஸுகாதான். இரண்டு பெயர்க்காரர்களும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்; ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டே இருப்பது அவர்களுக்கே உறைக்காது.

ந்கிருகா எப்படி உருவானது என்று பாருங்கள். 'ந்கே' (எது), 'இரு' (முகம், முன்பக்கம்), 'கா'. இரண்டு உயிரெழுத்துகள் மோதும் இடத்தில் முதல் உயிர் விழுந்து இரண்டாவது நிற்கிறது. பள்ளியில் புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அன்றாடப் புழக்கத்தில் இவ்வளவு நீளத்தை யாரும் கூப்பிடுவதில்லை. சுக்வுஎமேகா, 'கடவுள் பெரிய காரியம் செய்தார்', தெருவில் வெறும் எமேகா ஆகிறார். செய்தது யார் என்பது காணாமல் போகிறது. இன்னும் மோசம் இஃபெயான்யி. முழுப்பெயர் இஃபெயான்யிசுக்வு, 'கடவுளால் முடியாதது எதுவுமில்லை'. கடவுளை வெட்டிவிட்டால் மிஞ்சுவது 'முடியாத காரியம்' என்பதுபோல் ஒலிக்கும் துண்டு. கேட்பவர்கள் விட்டுப்போனதை மனதில் நிரப்பிக்கொள்வதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அமாகா என்று ஒருத்தியைக் கூப்பிட்டால், 'அழகு, நல்லது' என்ற வால் மட்டும்தான் கிடைக்கும். அவள் சியமாகாவா (கடவுள்), ந்வமாகாவா (பிள்ளை), உஸோவமாகாவா (பாதை) என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

இதில் 'சி' என்ற ஓரெழுத்துக்கு இரண்டு முகம். பழைய நம்பிக்கையில் ஒவ்வொரு மனிதனுக்கும் சொந்தமாக ஒரு சி உண்டு, கூடவே பிறந்த தெய்வம். 'ஒருவன் சரி என்றால் அவன் சியும் சரி என்னும்' என்பது பழமொழி. சி-யோடு 'உக்வு' (பெரிய) சேர்ந்தால் சுக்வு. 1857-இல் ஒனிச்சாவில் மிஷன் தொடங்கிய பிறகு அந்தச் சொல் கிறித்தவக் கடவுளுக்குப் போய்விட்டது. ஆகவே அச்செபேயின் பெயரில் சண்டைக்கு அழைக்கப்படுவது பைபிள் கடவுளா, அவருடைய சொந்தச் சி-யா என்பது கேட்பவர் காதைப் பொறுத்தது.

அந்த வீட்டின் இரண்டாவது பெயர் அப்பாவுடையது: ஐசாயா ஒகாஃபோ. இது வாக்கியம் இல்லை, நாள்காட்டி. இக்போ வாரத்துக்கு நாலே நாள்: ஏகே, ஒரியே, அஃபோ, ந்க்வோ. ஒவ்வொரு ஊரும் இதில் ஒரு நாளில் சந்தை கூட்டும். ந்னெவி ஊர்ப் பெருஞ்சந்தைக்கு இன்றும் ந்க்வோ ந்னெவி என்றுதான் பெயர். இப்படி ஏழு வாரம் ஒரு மாதம், 28 நாள். பதிமூன்று மாதம் ஓர் ஆண்டு.

பையன் எந்தச் சந்தை நாளில் பிறந்தானோ அதுவே பெயர். 'ஒகோ' என்ற ஆண்பால் முன்னொட்டோடு ஏகே சேர்ந்தால் ஒகேகே, ஒரியே சேர்ந்தால் ஒகோரியே அல்லது ஒகோயே, அஃபோ சேர்ந்தால் ஒகாஃபோ, ந்க்வோ சேர்ந்தால் ஒகோன்க்வோ. 'பிள்ளை' என்ற ந்வா முன்னால் வந்தால் ந்வெகே, ந்வஃபோ, ந்வன்க்வோ. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நைஜீரிய அணியின் கேப்டன் கானுவின் முதல் பெயர் ந்வன்க்வோ, 'ந்க்வோவின் பிள்ளை'. பெண்களுக்கு ம்க்பேகே, ம்க்பஃபோ என்று வரும். பாவம் ம்க்பேகே, நகரத்தில் அது 'பட்டிக்காட்டுப் பெண்' என்ற கிண்டல் சொல்லாகவே ஆகிவிட்டது.

இன்று பலரும் இந்தப் பெயரை ஒகாஃபோர் என்று ஆங்கிலத்தில் 'ர்' போட்டு முடிக்கிறார்கள். சந்தை நாளின் பெயரில் அந்த 'ர்' கிடையாது. கடைசியில் வரும் அகலமான 'ஓ'வைக் காட்ட, 'ர்' உச்சரிக்காத ஆங்கிலேயர் வழக்கப்படி போட்ட எழுத்து அது, அப்படியே ஒட்டிக்கொண்டது. காலனிக் காலத்தில் பள்ளியும் தேவாலயமும் குடும்பப்பெயர் கேட்டபோது அப்பாவின் பெயரையோ தாத்தாவின் பெயரையோ கொடுத்தார்கள். அது உறைந்துபோய், ஏகே நாளில் பிறந்த பேத்தியும் இன்று ஒகாஃபோர்தான். என்றோ ஒரு அஃபோ சந்தையன்று பிறந்த ஒரு மனிதர் மட்டும் பாஸ்போர்ட்டில் நிற்கிறார்.

மூன்றாவது பெயர் அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர்: இலோயெக்புனாம். 'பகை என்னைக் கொல்லாதிருக்கட்டும்.' எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். பெயர் குழந்தைக்கு என்றாலும், பேச்சு பக்கத்து வீட்டுக்கு. தாய் முற்றத்தில் நின்று நாளுக்கு நாற்பது தடவை பிள்ளையைக் கூப்பிடுவாள், கேட்க வேண்டியவர் காதில் அத்தனை தடவையும் விழும். சண்டைக்குப் போக வேண்டியதில்லை, பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை. ஒக்வுடிலி என்றால் 'வழக்கைக் கடவுளிடம் விட்டேன்'. ந்வான்யிபுயிஃபெ என்றால் 'பெண்ணும் ஒரு பொருட்டுதான்'. மகள் பிறந்ததற்கு முணுமுணுத்தவர்களுக்கு யாரோ கொடுத்த பதில். ஒபியெசினா, 'வீட்டு வாசல் மூடாதிருக்கட்டும்', வம்சம் நிற்குமோ என்று பயந்தவர் வைத்தது. அதில் வரும் 'ஒபி' வீட்டு வளாகம். இதே எழுத்துகளில் இதயம் என்ற சொல்லும் உண்டு. முதல் அசையைத் தாழ்த்தி அடுத்ததை உயர்த்தினால் வீடு, முதலை உயர்த்தி அடுத்ததைத் தாழ்த்தினால் இதயம். பள்ளிப் பதிவேடு இந்தத் தொனியை எழுதுவதில்லை. அதனால் ஒபின்னா என்பவர் 'அப்பாவின் இதயம்' ஆவதும் 'அப்பாவின் வீடு' ஆவதும் கூப்பிடும் குரலில்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டோடு நிற்பதில்லை, சாவோடும் பேசுவார்கள். ஒன்வு என்றால் சாவு. ஒன்வுபிகோ, 'சாவே, தயவுசெய்து'. ஒஸோயெமேனா, 'இன்னொன்று நடக்க வேண்டாம்'. பிறந்து பிறந்து இறக்கும் பிள்ளையை ஒக்பஞ்சே என்றார்கள். ஒரே ஆவி தாயை வதைக்கத் திரும்பத் திரும்ப வருகிறது என்று நம்பினார்கள். மருத்துவம் இதன் பின்னால் பல இடங்களில் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோயைப் பார்க்கிறது. நைஜீரியாவில் ஏறக்குறைய நாலில் ஒருவர் அந்த மரபணுவைச் சுமக்கிறார். மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால்தான் அந்த மரபணு அங்கே இவ்வளவு நிலைத்தது. அப்பா அம்மா இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு நோய். ஒரே வீட்டில் அடுத்தடுத்து சாவு விழுந்ததற்கு அன்று வேறு விளக்கம் இல்லை. இக்போ எழுத்துமுறையை 1961-இல் ஒழுங்குசெய்த குழுவின் தலைவர் பெயரும் ஒன்வுதான். அந்த எழுத்துமுறையை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

போனவர்கள் நல்லபடியாகத் திரும்புவதும் உண்டு. ந்னே அம்மா, ந்னா அப்பா. ந்னென்னா என்றால் 'அப்பாவின் அம்மா', நேராகச் சொன்னால் அப்பத்தா. ந்னென்னே என்றால் அம்மாச்சி. பாட்டி இறந்தபின் பிறந்த பேத்திக்கு வைப்பார்கள், அவளே வந்துவிட்டாள் என்று. ந்னாம்டி என்றால் 'என் அப்பா உயிரோடிருக்கிறார்'. 1963-இல் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரான அஸிகிவே, பெஞ்சமின் ந்னாம்டி என்றுதான் வளர்ந்தார். 1934-இல் லண்டனில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டியில் நைஜீரியர் என்பதால் அவரை ஓடவிடவில்லை. பெஞ்சமினை அத்தோடு விட்டுவிட்டார்.

பெயரைப் பிடுங்குவது எப்படியிருக்கும் என்பதை தன்னை இக்போக்காரர் என்று சொன்ன ஒலவுடா எக்வியானோ 1789-இலேயே சுயசரிதையில் எழுதிவிட்டார். பிறந்த நேரத்துச் சம்பவத்தை வைத்துத் தங்கள் பிள்ளைகளுக்குப் பெயரிடுவார்கள் என்கிறார். அடிமையாக விற்கப்பட்ட அவரை மைக்கேல் என்றார்கள், ஜேக்கப் என்றார்கள், கடைசியில் ஒரு கப்பல் கேப்டன் கஸ்டாவஸ் வாசா என்றார். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க மறுத்த ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது.

பெயரை ஓரளவு தக்கவைத்த பதிவேடுகளும் இருக்கின்றன. 1807-இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த பிறகு அடிமைக் கப்பல்களைப் பிடித்து ஆட்களை விடுவித்தபோது, ஃப்ரீடவுனிலும் ஹவானாவிலும் எழுத்தர்கள் அவர்களை வரிசையாக நிறுத்தி பெயர், வயது, உயரம் என்று எழுதிக்கொண்டார்கள். இப்படி 91,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் மிஞ்சியுள்ளன. இக்போ அடிமைகளை ஏற்றிய துறைமுகமான பான்னியிலிருந்து கிளம்பிய கப்பல்களின் பட்டியலும் அதில் உண்டு. எழுத்தருக்கு இக்போ தெரியாது, காதில் விழுந்ததை எழுதினார். பார்த்தால் எந்த மொழி என்றே தெரியாத எழுத்துக்கூட்டல். அதனால் ஆய்வாளர்கள் அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பதிவுசெய்து இணையத்தில் வைத்தார்கள். இக்போ பேசும் ஒருவர் அதைக் கேட்கிறார். கண்ணுக்குப் பிடிபடாதது காதில் விழுந்ததும் பிடிபடுகிறது: அஃபோ சந்தையன்று பிறந்தவன்.