முதலில் எந்தக் குழலைக் கற்கலாம்?

மதுரைச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பூவரச இலைப் பீப்பீ ஊதாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு பக்கம் ஒடுங்கியும் மறுபக்கம் விரிந்தும் இருக்கும்படி இலையைச் சுருட்டி, ஒடுங்கிய முனையைப் பல்லால் லேசாக நசுக்கி ஊதுவார்கள். நசுங்கிய இடத்தில் இலையின் இரண்டு மடிப்புகளும் ஒட்டி ஒட்டிப் பிரியும். பிரியும்போதெல்லாம் துளி மூச்சு உள்ளே போகும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடப்பதுதான் நம் காதில் ஸ்வரமாக விழுகிறது. கோயிலில் கேட்கிற நாயனமும் இதே முறையில்தான் ஒலிக்கிறது. வாயில் வைத்து ஊதுகிற அதன் சீவாளி பதப்படுத்திய நாணல் தட்டையால் ஆனது, அதற்கும் இரண்டு இதழ்கள்.

பிள்ளைக்கு எந்தக் குழல் வாங்கித் தரலாம் என்று யோசிக்கிற பெற்றோர் முதலில் கேட்பது, "எது சுலபம்?" என்பதைத்தான். அதற்கு, ஒலி எங்கே எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புல்லாங்குழலில் சீவாளி கிடையாது. உதடுகளுக்கு நடுவிலிருந்து வரும் மெல்லிய காற்று, ஊதுதுளையின் எதிர்விளிம்பில் பட்டு உள்ளேயும் வெளியேயுமாக மாறி மாறிச் சாய்கிறது. அந்தச் சாய்வு குழலுக்குள் இருக்கும் காற்றின் அதிர்வோடு இசைந்தால்தான் நாதம் எழும். உதட்டின் கோணம் கொஞ்சம் தப்பினாலும் 'உஸ்' என்ற சத்தம்தான் வரும். ஊதுகிற காற்றில் நிறைய வெளியே போய்விடுவதால், புதிதாக ஊதுகிறவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும். அப்போது குழலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

நாயனம் இதற்கு நேர் எதிர். சீவாளியின் இடுக்கு மிகச் சிறியது. அதில் போகிற காற்று கொஞ்சம், ஆனால் கொடுக்க வேண்டிய அழுத்தம் அதிகம். நெடுநேரம் பிடிப்பதற்குக் கன்னத்திலும் உதட்டிலும் பலம் வேண்டும். அதோடு, இப்போது பரவலாக இருக்கும் பாரி நாயனம் இரண்டரை அடிக்கு மேல் நீளம். அதன் துளைகளுக்குச் சின்ன விரல்கள் எட்டாது.

கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டில் வருகிற கிளாரினெட்டைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு. அதன் குழாய் அமைப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. புல்லாங்குழல் இரு பக்கமும் திறந்த குழாய் போல நடந்துகொள்ளும். அழுத்தி ஊதினால் அதிர்வெண் இரட்டிப்பாகி, அதே விரல்பிடியில் ஸட்ஜமம் (ஸ) மேல் ஸ்தாயி ஸட்ஜமமாகும். கிளாரினெட்டின் குழாய் பெரும்பாலும் ஒரே அகலம். சீவாளிப் பக்கம் மூடிய முனைக்குச் சமம். அப்படிப்பட்ட குழாயில் முதல் தாவல் மூன்று மடங்கு. ஸ்தாயி மாற்றுகிற விசையைத் தொட்டு மேலே போனால், ஸட்ஜமம் பிடித்த இடத்தில் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் (ப) பேசும். ஆக, மேல் ஸ்தாயிக்குத் தனியாக விரல்பிடி பழக வேண்டும். நாயனத்திலும் சாக்ஸபோனிலும் சீவாளி இருந்தும் இந்தச் சிக்கல் வருவதில்லை. உடல் கூம்பாக விரிவதால் அவையும் இரண்டு மடங்குக்கே தாவும். மூடிய குழாயும் கூம்பும் செய்கிற இந்த வேலை எனக்கு எப்போதுமே அதிசயம்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் சங்கீதத்துக்குக் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பது, உயிர். மூங்கில் குழலில் விரல் நேராகத் துளைமேல் இருக்கிறது. பாதி திறந்து, மெல்ல நகர்த்தி, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகலாம். சாக்ஸபோனில் துளையை மூடுவது விசைமூடி. அதில் கமகம் வரவே வராது என்பதில்லை, கத்ரி கோபால்நாத் வாசித்துக் காட்டினார். ஆனால் தொடக்கத்திலேயே அந்தப் பாடு பிள்ளைக்குத் தேவையில்லை. ரெக்கார்டர் என்ற மேல்நாட்டுக் குழல் ஊதினவுடன் பேசும், காற்றுக்கு வழி அதிலேயே அமைந்திருக்கிறது. ஆனால் உதட்டால் சுருதியைத் திருத்த முடியாது.

என்னைக் கேட்டால், எட்டு விரல்துளை கொண்ட கர்நாடக மூங்கில் குழலோடு ஆரம்பிக்கலாம். கட்டை என்கிற சுருதி அளவு கூடக் கூடக் குழல் குட்டையாகி, துளைகள் நெருங்கிவரும். சின்னக் கைக்கு 5 கட்டைக் குழல் எட்டும். 1 கட்டைக் குழல் எட்டாது. பக்கத்துத் தெருவிலேயே நாயனம் சொல்லித்தர ஆள் இருந்து, பிள்ளைக்கும் அதில்தான் மனசு என்றால், யோசிக்காமல் அங்கே அனுப்புங்கள். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த ஊரில் அதற்குத் தயங்க வேண்டியதில்லை. விரல் எட்டுகிற அளவில் ஒரு நாயனம் கிடைத்தால் போதும்.

மதுரை வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355. வேகம் கூடினால் சுருதியும் ஏறும். மூச்சின் சூடு குழலுக்குள்ளேயே இருப்பதால் வித்தியாசம் ஓரளவு குறைகிறது, இருந்தாலும் சித்திரை மத்தியானத்திலும் ஏசி அறையிலும் ஒரே குழல் ஒரே சுருதியில் நிற்காது. சில நிமிடம் ஊதிய பிறகே சுருதிப்பெட்டியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயிலில் விட்ட மூங்கில் வெடித்தும் போகலாம்.

திருவிழாக் கடையில் கம்பில் செருகி விற்கிற குழல்களில் பல சுருதி சேராதவை. வாங்கும்போது, தெரிந்த ஒருவரை ஊதச் சொல்லி, கீழ் ஸட்ஜமத்தையும் மேல் ஸட்ஜமத்தையும் சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். கீழே சேர்ந்து மேலே இறங்கி ஒலித்தால், ஊதுதுளைக்கு அப்பால் இருக்கும் அடைப்பு தூரம் தள்ளிப் போயிருக்கலாம். கார்க் அடைப்பாக இருந்தால் கடைக்காரரே உள்ளே தள்ளிச் சரிசெய்து தருவார். மூங்கிலின் கணுவே அடைப்பாக இருந்தால் அதை நகர்த்த முடியாது. வேறு குழலை எடுங்கள்.