மொறிஸ் மைனரும் உப்புக்காற்றும்

திருகோணமலையில் ஒரு பாடசாலையின் மோட்டார் கழகத்துப் பிள்ளைகள் பழைய மொறிஸ் மைனர் ஒன்றைத் திருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். எஞ்சின் வேலை பார்க்கலாம் என்ற ஆசை. எஞ்சினோ மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. நான்கு பேர் காரின் அடியில் மல்லாந்து படுத்து ஸ்க்ரூட்ரைவரால் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ‘டங்’ என்றால் நல்ல தகரம், ‘டொக்’ என்றால் கறள், அதாவது துரு. ஓரிடத்தில் எந்தச் சத்தமும் வரவில்லை. ஸ்க்ரூட்ரைவர் அப்படியே உள்ளே போய்விட்டது. அதே இடத்தில் வெளிப்பக்கப் பெயின்ற் பளபளவென்று இருந்தது.

1948 இல் வெளிவந்த இந்தக் காருக்கு லொறிபோலத் தனியான செசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. தளமும் கதவடித் தகடும் கூரையும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே கறள் என்றால் அது முதுகெலும்பில் நோய். முற்றினால் உடல் தொய்ந்து, திறந்த கதவு மூடாது.

இரும்பில் ஒரு துளி உப்புத்தண்ணீர் விழுந்தால் அங்கே ஒரு குட்டிப் பற்றரி உருவாகிறது. துளியின் விளிம்பு மெல்லியது என்பதால் காற்றிலுள்ள ஒட்சிசன் அங்கே சுலபமாக இரும்பை எட்டும். நடுப்பகுதிக்கு அவ்வளவாகப் போய்ச்சேராது. அந்த வித்தியாசமே போதும். நடுவிலுள்ள இரும்பு அணுக்கள் ஆளுக்கு இரண்டு இலத்திரன்களை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. அந்த இலத்திரன்கள் தகரத்தினூடாக விளிம்புக்கு ஓடி, ஒட்சிசனோடும் தண்ணீரோடும் சேர்ந்து ஐதரொட்சைட்டை உண்டாக்குகின்றன. இறங்கிய இரும்பு வழியில் அதைச் சந்தித்து, இன்னும் கொஞ்சம் ஒட்சிசனையும் சேர்த்துக்கொண்டு கறளாகப் படிகிறது. ஆகவே கறள் படிவது ஓரிடம், இரும்பு அரிபடுவது இன்னோரிடம். ஒட்சிசன் குறைந்த இடம்தான் ஓட்டையாகும்: பெயின்ற்றின் கீழ், இரண்டு தகடுகள் சேரும் மடிப்புக்குள், சேறு அப்பிய மூலையில். கறளுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் வேண்டும், அதனால்தான் பெயின்ற் கொப்புளிக்கிறது. கொப்புளத்தைச் சுரண்டி, பட்டி பூசி, மேலே பெயின்ற் அடித்துவிட்டால் உள்ளே பற்றரி நிம்மதியாக வேலை செய்யும். பழைய கார் விற்கிற சிலருக்கு இது நன்றாகத் தெரியும்.

சரி, மழைபடாமல் கொட்டிலுக்குள் நிற்கும் காருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? குசினியில் உப்புப்போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில்கூட இங்கே ஈரப்பதன் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். வாடைக்காலத்தில் வங்கக்கடலிலிருந்து நேரே வரும் காற்று உப்பைக் கொண்டுவந்து பூசிவிட்டுப் போகும்; பிறகு ஆண்டு முழுவதும் அது ஈரமாகவே இருக்கும். உப்புவெளி என்றே ஓர் ஊர் இருக்கும் இடத்தில் வேறென்ன எதிர்பார்ப்பது?

முற்றத்தில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரல். சலவைச்சோடா கரைத்த தண்ணீரில் பம்பர் பிடிப்பான் ஒன்று தொங்குகிறது. 12 வோல்ற் சார்ஜரின் மறைமுனை அதில்; நேர்முனை ஒரு பழைய இரும்புத்துண்டில். கறள் பிடித்தபோது போன இலத்திரன்களைச் சார்ஜர் திருப்பித் தள்ளுகிறது. அரித்துப்போன இரும்பு திரும்பி வராது. ஆனால் கறளில் ஒரு பகுதி கறுப்பு ஒட்சைட்டாக மாறி இளகும், ஐதரசன் குமிழிகள் அதைக் கிளப்பிவிடும். பின்னேரம் எடுத்துப் பிரஷால் தேய்த்தபோது கறுப்புச் சேறாகக் கழன்றது. முதல் தடவை முனைகளை மாற்றிக் கொடுத்ததில் நல்ல பிடிப்பானே அரிபடத் தொடங்கியதாம். சோடாவுக்குப் பதில் கறியுப்புப் போட்டால் குளோரீன் வாயு வரும். நேர்முனையில் எவர்சில்வர் போட்டால் நச்சுக் குரோமியம் கரையும். இரண்டும் வேண்டாம். ஐதரசன் தீப்பற்றும் என்பதால்தான் பரல் வெளியில் நிற்கிறது.

வெட்டிய இடங்களில் புதுத் தகடு ஒட்டி, நாகம் (துத்தநாகம்) கலந்த பிறைமரை முதற்பூச்சாக அடிக்கிறார்கள். நாகம் இரும்பைவிடச் சுலபமாக இலத்திரனை விடும். அது இருக்கும்வரை முதலில் கரைவது அதுதான். மீனவர் வீட்டுப் பையன் ஒருவனுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. அப்பாவின் படகு எஞ்சினில் கரையக் கரைய மாற்றும் நாகக்கட்டியை அவன் பார்த்திருக்கிறான்.

அலங்காரத்தில்தான் சண்டை வந்தது. பொனற்றில் பித்தளையில் வெட்டிய கழகச் சின்னம் வேண்டுமாம். பித்தளை தன் இலத்திரன்களை இரும்பைவிட இறுக்கிப் பிடிக்கும். அதன் பக்கத்தில் இரும்பு நாகத்தின் நிலைமைக்கு வந்துவிடும். ஒரு மாணவி இதைச் சொல்லி எதிர்த்தாள். கடைசியில் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சின்னத்துக்கு அடியில் வைத்து, திருகாணிகளுக்கும் பிளாஸ்ரிக் உறை போட்டார்கள். என் கண்ணுக்குச் சின்னம் கொஞ்சம் பெரிதுதான்.

நான் கிளம்பும்போது அவள் கதவடித் தகட்டின் கீழே இருந்த சின்ன வடிகால் ஓட்டையை ஓர் ஈர்க்கால் குத்திக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் பொலபொலவென்று கடற்கரை மணல் கொட்டியது, ஈரமாக.