ஓடி முடித்ததும் பசி எங்கே போகிறது?

மைதானத்தில் 400 மீட்டரை மூச்சிரைக்க எட்டுத் தடவை ஓடி முடித்தவரிடம் உடனே இட்லித் தட்டை நீட்டுங்கள், கை போகாது. அதே தூரத்தை நிதானமாக நடந்து வந்தவர் நாலு இட்லியைச் சத்தமில்லாமல் முடித்துவிடுவார். அதிகம் உழைத்தவருக்குத்தானே அதிகம் பசிக்க வேண்டும்?

கடும் ஓட்டத்தின்போது ரத்தம் கால் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைச் சுரப்பது பெரும்பாலும் இரைப்பைதான். 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்த இந்த ஹார்மோனோடு ஒரு சிறு கொழுப்பு அமிலம் ஒட்டினால்தான் மூளையில் பசி எழும். உடலின் உச்சத் திறனில் 60 சதவீதத்தைத் தாண்டி உழைக்கும்போது, அப்படி ஒட்டிய கிரெலின் ரத்தத்தில் குறைகிறது. 'போதும்' என்று சொல்லும் குடல் ஹார்மோன்களான பிஒய்ஒய், ஜிஎல்பி-1 இரண்டும் கூடுகின்றன. 60 சதவீதத்தை அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால், அந்தக் கோட்டை அநேகமாகத் தாண்டிவிட்டீர்கள்.

2022இல் பசியை அடக்கும் இன்னொரு பொருளும் பிடிபட்டது. தசை தரும் லாக்டேட், ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து 'லாக்-ஃபே' ஆகிறது. மனிதர், எலி, பந்தயக் குதிரை மூன்றிலும் உடற்பயிற்சிக்குப் பின் இது ஏறுகிறது. மனிதரில் அதிகம் ஏறியது குறுகிய வேக ஓட்டத்தில். எடைப் பயிற்சி அடுத்து, நிதானமான நீண்ட பயிற்சி கடைசி. பருத்த எலிகளுக்கு இதை ஊசியில் ஏற்றியபோது அடுத்த 12 மணி நேரத்தில் தீனி பாதியாகக் குறைந்தது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் லாக்-ஃபேயை உயர்த்துகிறது.

ஆனால் இந்தப் பசியின்மை ஒன்றிரண்டு மணி நேரச் சமாச்சாரம். அதற்குள் குளித்து, கிளம்பி, வேலையில் உட்கார்ந்து, காலைச் சாப்பாட்டை விட்டுவிடுபவர்களுக்குத்தான் சாயங்காலம் நாலு மணிக்கு அகோரப் பசி வருகிறது. பசி இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 கிராம் புரதம் உள்ளே போய்விட வேண்டும். இரண்டு முட்டையும் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலும் போதும். இன்சுலின் போடுபவர்கள் பசிக்கட்டும் என்று காத்திருக்கவே கூடாது. பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழ்ந்துபோகும்.

நீச்சல் மட்டும் வேறு மாதிரி. பம்பு செட்டில் ஆட்டம் போட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தெரியும், வயிறு எப்படிக் கிள்ளும் என்று. 2005இல் ஃபுளோரிடாவில் 45 நிமிடம் தண்ணீருக்குள் சைக்கிள் மிதிக்க வைத்துச் சோதித்தார்கள். 33 டிகிரி நீரில் மிதித்த நாளைவிட, 20 டிகிரி நீரில் மிதித்த நாளில் அதே ஆட்கள் 44 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கடும் வெயிலில் ஓடினால் நேர்மாறாகப் பசி மந்தித்துவிடும்.

வாரக்கணக்கில் தொடர்ந்தால் என்ன ஆகும்? லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடல் பருத்த 35 பேரை 12 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 500 கலோரி எரிக்க வைத்தார்கள். சராசரியாக 3.7 கிலோ குறைந்தது. இந்தச் சராசரியை நம்பி ஏமாறக் கூடாது. எதிர்பார்த்த அளவு இளைக்காதவர்கள் நாளுக்குச் சுமார் 268 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். மற்றவர்கள் 130 கலோரி குறைத்திருந்தார்கள். தொடர் பயிற்சி வெறும் வயிற்றுப் பசியைக் கூட்டும், அதோடு சாப்பிட்டதும் வரும் நிறைவையும் கூட்டும். இரண்டில் எது ஓங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

1956இல் வங்காளச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரின் சாப்பாட்டை ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயரின் குழு அளந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். அசையாத உடம்புக்குப் போதும் என்று நிறுத்தத் தெரிவதில்லை என்பது மேயரின் வாதம். ஆட்களை ஒப்பிட்ட ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்கவில்லை. இருந்தாலும் பின்னால் வந்த சோதனைகள் பலவும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

எடை குறைக்க ஓடுபவர்கள் கணக்கில் சறுக்குவது வேறு இடத்தில். 60 கிலோ உள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் எரிவது சுமார் 300 கலோரி. இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை ஏறக்குறைய நிரப்பிவிடும். கைக்கடிகாரம் காட்டும் மொத்த எண்ணில், சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும் கலோரியும் சேர்ந்திருக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதைப் பற்றிப் பேச்சே குறைவு. தினமும் இரண்டு வேளை பயிற்சி எடுக்கும் வீராங்கனைக்குப் பசி கூப்பிடாமலே நாள்கள் ஓடும். கொழுப்பு நீங்கிய எடை 40 கிலோ என்றால், பயிற்சியில் எரிந்தது போகக் குறைந்தது 1,200 கலோரி (கிலோவுக்கு 30) மிஞ்ச வேண்டும். 1,800 இருந்தால் நல்லது. பயிற்சியில் 500 எரித்தால் தட்டில் 1,700 என்பது அடிமட்டம். தொடர்ந்து அதற்குக் கீழே போனால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு மெலிந்து கீறல் விடும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால், பசி இல்லையே என்று சும்மா இராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.