பி.இ. முடித்து பி.எட். சேர்கிறீர்களா? அந்த 16 வாரத்தை விலைபேசாதீர்கள்

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர்கள் பி.எட். சேரலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சேரலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் கலை அறிவியல் பட்டதாரிக்கு 50 சதவீத மதிப்பெண் போதும், பொறியியல் பட்டதாரிக்கு 55 வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. இதைச் சரிபார்க்காமல் முன்பணம் கட்டிவிட்டு அப்புறம் அலைகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் ஆசிரியர். கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வரும் பி.எட். மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடும்.

கோபம் எதற்கு என்றால், "காலேஜுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், டீச்சிங் பிராக்டிஸ் சர்டிபிகேட் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஆள்பிடிக்கும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. பொறியியல் படித்துவிட்டு ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பாதுகாப்புக்காக பி.எட். போட்டு வைக்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதியாகத் தெரிகிறது. வீட்டிலும் "கைவசம் ஒரு டிகிரி இருக்கட்டுமே" என்பார்கள். ஆனால் அங்கே நீங்கள் பணம் கொடுத்துத் தவிர்ப்பது எதை என்று யோசியுங்கள். 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. மீதி எல்லாப் பாடத்தையும் புத்தகம் வாங்கி வீட்டில் படித்துக்கொள்ளலாம். இந்த வாரங்களை மட்டும் வீட்டில் உட்கார்ந்து படிக்க வழியே கிடையாது.

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். பிளஸ் 1, தமிழ் வழி, சி பிளஸ் பிளஸ் பாடம். பயிற்சிக்கு வந்த பெண் நல்ல கல்லூரியில் பி.இ. படித்தவர், பாடம் தெளிவாகத் தெரியும். பலகையில் எக்ஸ் = எக்ஸ் + 1 என்று எழுதினார். மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்து, "மிஸ், இது தப்பு, ரெண்டு பக்கமும் எக்ஸைக் கழிச்சா 0 = 1னு வருது" என்றான். வகுப்பு சிரித்தது. கணக்குப்படி அவன் சொன்னது முழுக்கச் சரி, அதற்கு முந்தைய பீரியட்தான் கணக்கு. அந்தப் பெண் திகைத்துப்போய், "புரோகிராம்ல அப்படித்தான் எழுதுவாங்க" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அன்று மாலை உட்கார்ந்து பேசினோம். புரோகிராமில் அந்தக் குறி 'இரண்டும் சமம்' என்று சொல்வதில்லை, வலது பக்கத்தைக் கணக்கிட்டு எக்ஸில் போட்டு வை என்கிறது. சமக்குறியைப் பார்த்ததும் அந்தப் பையன் மனதில் என்ன ஓடுகிறது என்பதை நான்கு வருடப் பொறியியல் படிப்பில் எங்கேயும் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அங்கே புரோகிராம் ஓடினால் மார்க். மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்து வந்தார். பலகையில் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் எக்ஸின் மதிப்பு என்ன என்று பிள்ளைகளையே எழுதச் சொன்னார். 5 என்று எழுதினார்கள், அடுத்த வரியில் வலது பக்கத்தை முதலில் கணக்கிடச் சொன்னார், 6 வந்தது, பழைய 5ஐ அழித்துவிட்டு அந்த இடத்தில் 6ஐ எழுத வைத்தார். நேற்று எழுந்த பையன்தான் சாக்பீஸோடு நின்றான். இதைச் சொல்லிக்கொடுக்க எந்த ரெக்கார்டு நோட்டாலும் முடியாது. அந்தப் பையன் வேண்டும், அவன் கேள்வி வேண்டும், அது கேட்கப்படும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும்.

லேபில் இன்னொரு விஷயம் பார்க்கிறேன், பொறியியல் படித்து வருபவர்களிடம் அனேகமாக எல்லோரிடமும். பிளஸ் 2 பிள்ளை பைத்தானில் இஃப் வரிக்குக் கடைசியில் முக்காற்புள்ளி போட மறந்திருக்கும், அல்லது அடுத்த வரியை உள்தள்ளி எழுதியிருக்காது. சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் பிழைச் செய்தி வந்ததும் பயந்துபோய், "சார், வரல" என்று கூப்பிடும். பயிற்சி ஆசிரியர் வந்து கீபோர்டை வாங்கி, இரண்டு தட்டில் சரிசெய்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். வேகமாக வேலை செய்யப் பழகிய கை அப்படித்தான் போகும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எது தப்பு என்று கடைசிவரை தெரியாது. பொதுத்தேர்வில் செய்முறைக்கு 20 மதிப்பெண் இருக்கிறதே என்று புரோகிராமை வரிவரியாக மனப்பாடம் செய்யும், தேர்வில் ஒரு எழுத்து மாறினால் அழும்.

எங்கள் லேபில் நான் வைத்திருக்கும் விதி இதுதான்: பிள்ளையின் கீபோர்டைத் தொடக் கூடாது. "எந்த வரி நம்பர் காட்டுது? அந்த வரியை வாய்விட்டுப் படி. பக்கத்துப் பொண்ணு எழுதினதோட ஒப்பிட்டுப் பாரு." இவ்வளவுதான் பேசலாம். முதல் வாரம் பயிற்சி ஆசிரியர்களுக்கு இது பெரிய வேதனை, நேரம் ஆகிறதே என்று தவிப்பார்கள். ஒரு மாதம் போனால் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் பிழை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் ஆங்கிலத்திலேயே படித்து வந்தவர் என்றால் தமிழ் வழிப் புத்தகத்தைப் பயிற்சிக்கு முன்பே முழுக்கப் படித்துவிடுங்கள். மாறி (வேரியபிள்), மடக்கு (லூப்), செயற்கூறு (ஃபங்ஷன்), மரபுரிமம் (இன்ஹெரிட்டன்ஸ்) என்றுதான் பிள்ளைகளின் வினாத்தாளில் வரும்.

இப்போது வேலை விஷயம். இதில் ஆசை காட்டுகிறவர்கள் நிறைய, அதனால் பொறுமையாகப் படியுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் தனிப் பாடமாக இருப்பது பிளஸ் 1, பிளஸ் 2வில் மட்டும்தான். கீழ் வகுப்புகளில் அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு சிறு பகுதியாக வருவதோடு சரி. அதைத் தனிப் பாடமாக்கச் சொல்லி பி.எட். கணினி பட்டதாரிகள் பல வருடங்களாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள், அந்தக் கோரிக்கை நியாயமானது என்பது என் கருத்து. ஆக பிளஸ் 2 கணினி ஆசிரியர் பணியை மட்டும் நம்பி வருகிறவர்கள், 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அந்தப் பணிக்கான கணினி பயிற்றுநர் தேர்வை முதுகலைத் தகுதி கேட்டு நடத்தியது என்பதை மறக்க வேண்டாம். பி.இ.யோடு பி.எட். முடித்தவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி 6 முதல் 8ஆம் வகுப்பு வரை கணித ஆசிரியராகலாம் என்று ஒரு அரசாணையும் அதே 2019இன் இறுதியில் வந்தது. தகுதி பற்றிய சந்தேகத்துக்கு வாரியத்தின் அறிவிக்கையைப் படியுங்கள். கல்லூரி புரோக்கர் சொல்வதை எழுதிக்கொண்டு வராதீர்கள்.

பொறியியல் கல்லூரியிலேயே ஆசிரியராகப் போகிறேன், எனக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான், உதவிப் பேராசிரியர் ஆக எம்.இ. போதும், பி.எட். கேட்பதில்லை. கற்பித்தலில் ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லாமல் முதல் நாளே அறுபது பேர் முன்னால் போய் நிற்கிறார்கள், சிலைடைத் திரையில் போட்டு வாசிக்கிறார்கள், பின்பெஞ்சு தூங்குகிறது. இந்தக் குறைக்காகத்தான் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு பயிற்சியை மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் வைத்தது. சென்னை தரமணியில் உள்ள தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம்தான் அதை நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பள்ளியில் பிள்ளைகள் முன்னால் நின்று, பின்னால் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, பிறகு அதைப் பற்றிப் பேசுவதற்கு அது ஈடாகாது.

சரி, கல்லூரி தேடும்போது என்ன கேட்பது? பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள் என்று பெயர் கேளுங்கள். கணினிப் பாடத்துக்கென்று பேராசிரியர் இருக்கிறாரா, அவர் பள்ளிக்கு நேரில் வந்து வகுப்பைப் பார்ப்பாரா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். போன வருடம் அங்கே படித்த ஒருவரைப் பிடித்து, எத்தனை வகுப்பு உண்மையில் எடுத்தீர்கள் என்று விசாரியுங்கள்.

தலைமை ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வராத பயிற்சி மாணவருக்கு வருகைச் சான்றில் கையெழுத்துக் கேட்டு கல்லூரியில் இருந்து போன் வரும், தெரிந்தவர் மூலமாகவும் வரும். தயவுசெய்து போடாதீர்கள். வகுப்பு எடுத்த நாளுக்கு மட்டும், பாடக்குறிப்பில் அன்றன்றே வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்து இருந்தால் மட்டும் போடுங்கள். எங்கள் பள்ளியில் அப்படித்தான் செய்கிறோம்.