பிளாக் என்றால் அடைப்பா, அணியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் போன வாரம் ஒரு சுகாதாரச் செய்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் "ஆப்பிரிக்க பிளாக் எதிர்ப்பு" என்று ஒரு வரி. முன்வரிசை ஆயா நெஞ்சில் கையை வைத்து, "எனக்கும் பிளாக் இருக்குன்னுதான் டாக்டர் சொன்னார், அதுவா இது?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். இதயத்தில் அடைப்பு வந்தாலும் பிளாக், அடுக்குமாடிக் குடியிருப்பும் பிளாக், கள்ளச்சந்தையில் டிக்கெட் விற்றால் அதுவும் பிளாக். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்தாவது பிரித்துவிடலாம், தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

செய்தியில் இருந்த பிளாக் (bloc), ஒரே நிலைப்பாட்டில் சேர்ந்து நிற்கும் நாடுகளைக் குறிப்பது; பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதற்கும் முன்னால் பழைய டச்சு மொழியில் அதற்கு மரக்கட்டை, அடிமரத் துண்டு என்று பொருள். பிளவில்லாமல் ஒரே கட்டையாக நிற்பது என்ற கருத்தில் அரசியலுக்குள் வந்தது. 1900களின் தொடக்கத்தில் பிரான்சின் இடதுசாரிகள் சேர்ந்து நின்றதற்கு இந்தப் பெயர்தான்.

சரி, தமிழில்? பலர் "கூட்டணி" என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, அந்தச் சொல்லைக் கேட்டதும் தேர்தலும் தொகுதிப் பங்கீடும்தான் நினைவுக்கு வரும். "கூட்டமைப்பு" என்றால் அலுவலகமும் செயலாளரும் உள்ள ஓர் அமைப்பு, ஆப்பிரிக்க ஒன்றியம் மாதிரி. நமக்கு வேண்டியது இரண்டும் இல்லை, பேச்சுவார்த்தை மேசையில் ஒரே குரலில் பேசுகிறவர்களுக்கு ஒரு பெயர். அந்தச் சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது: அணி. 1998இல் இதே டர்பனில், எந்த வல்லரசின் பக்கமும் சேராத நாடுகளின் பெரிய மாநாடு நடந்தது, தமிழ்ப் பத்திரிகைகள் அந்த நாடுகளை எப்போதும் "அணிசேரா நாடுகள்" என்றுதான் எழுதும். சேராதவர்களுக்கு அணிசேரா என்றால் சேர்ந்தவர்கள் அணிதானே! வரிசை, ஒழுங்கு என்பது அணியின் பழைய பொருள்; அணிவகுப்பு, முன்னணி எல்லாம் அதிலிருந்து வந்தவை. கிரிக்கெட் அணியோடு குழம்பும் என்றால் "நாட்டணி" அல்லது "வட்டார நாட்டணி" என்று எழுதலாம்.

இந்தச் சொல்லின் கனம் இங்கே வாழ்கிறவர்களுக்குப் புரியும். விலை குறைந்த மருந்துகளை வெளியிலிருந்து கொண்டுவர வழிசெய்து தென்னாப்பிரிக்கா 1997இல் ஒரு சட்டம் போட்டது, எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலம். தங்கள் காப்புரிமையைக் காட்டி மருந்து நிறுவனங்கள் பிரிட்டோரியா நீதிமன்றத்துக்குப் போயின, மொத்தம் 39. அப்போது நம் நாடு தனி மரம். உலகம் முழுக்க எழுந்த எதிர்ப்பைத் தாங்காமல் 2001 ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு உலக வர்த்தக அமைப்பில் ஆப்பிரிக்க நாட்டணி இந்தப் பேச்சை எடுத்தது, மற்ற வளரும் நாடுகளும் சேர்ந்துகொண்டன, நவம்பரில் தோஹாவில் அறிவிப்பு வந்தது: மக்கள் உடல்நலத்தைக் காக்க ஒரு நாடு எடுக்கும் நடவடிக்கைக்கு அந்த அமைப்பின் காப்புரிமை ஒப்பந்தம் தடையாக இருக்கக் கூடாது. ஒரு நாடு தன் ஊர் நீதிமன்றத்தில் தற்காத்துக்கொண்டிருந்த வாதம் சில மாதங்களில் உலக அறிவிப்பாக மாறியது, அணி சேர்ந்ததால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தில் 190க்கும் மேற்பட்ட நாடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. மொரிஷியஸுக்கும் ஒன்று, இந்தியாவுக்கும் ஒன்று. அதனால்தான் சிறிய நாடுகள் சேர்ந்து நிற்கின்றன. 2025 மே மாதம் நிறைவேறிய பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் தடுப்பூசியை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று விடாமல் கேட்டது ஆப்பிரிக்க அணி.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் ஆயா, "அப்போ எகிப்தும் நம்ம அணியா?" என்றார். நல்ல கேள்வி, ஏனென்றால் அங்கே இன்னொரு சொல் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் தன் வேலைக்காக உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அதன் ஆப்பிரிக்க மண்டலத்தில் 47 நாடுகள், எகிப்து அதில் இல்லை, கிழக்கு மத்திய தரைக்கடல் மண்டலத்தில் இருக்கிறது. மண்டலம் என்பது நிறுவனம் போட்ட கோடு. அணி என்பது நாடுகள் தாமே சேர்வது. கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, செய்தியில் இருந்த "பிளாக்" என்ற சொல்லை அடித்து "நாட்டணி" என்று திருத்தி, ஆயாவையே மறுபடி வாசிக்கச் சொன்னேன்.