பொய் சொல்லும் ரோபோ, பொய் சொல்லாத கடிகாரம்

கோயில் கோபுரங்களை விழுங்கிவிடும் உயரத்தில் ஒரு ரோபோ, வெற்றிடத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதை ஓட்டும் பெண் தொண்டை கிழிய 'மின்னல் உதை' என்று கத்திவிட்டு எதிரியை உதைக்கிறாள். காற்றே இல்லாத வெளியில் அந்த உதை இடிபோல முழங்குகிறது. 1988, 89 ஆண்டுகளில் ஜப்பானில் வெளியான 'கன்பஸ்டர்' என்ற அனிமே (ஜப்பானிய அசைபட) தொடரை இன்று மறுபடி பார்க்கும் எந்த இயற்பியல் மாணவரும் முதல் அரை மணி நேரத்தில் பத்துக் குற்றமாவது கண்டுபிடித்துவிடலாம். நானும் கண்டுபிடித்தேன். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்தத் தொடர் ஏமாற்றுவதில்லை. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறப்பவரின் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதுதான் அது. கதையின் சோகம் முழுவதும் அந்த ஒரு மெய்யின்மேல்தான் நிற்கிறது. (முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

தொடரைத் தயாரித்தது கைனாக்ஸ் நிறுவனம். இயக்கியவர் ஹிடேயாகி அன்னோ. பின்னாளில் பெரும் புகழ்பெற்ற அவருக்கு இதுவே முதல் இயக்கம். ஆறே பகுதிகள். தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டதல்ல, நேராக வீடியோ கேசட்டாகவும் லேசர் டிஸ்க்காகவும் கடைக்கு வந்தது. 1983இல் 'டல்லோஸ்' என்ற அனிமே தொடங்கிவைத்த வழி இது. வீட்டுக்கு வீடு வி.சி.ஆர். வந்துவிட்ட அந்தக் காலத்தில், பார்வையாளரே காசு கொடுத்து வாங்கினால் போதும், தொலைக்காட்சி நிலையத்தின் தயவு தேவையில்லை என்ற நிலை ஜப்பானிய அனிமேக்குக் கிடைத்தது. வாராவாரம் ஒளிபரப்பாகும் ரோபோ தொடர் பொம்மை விற்க வேண்டும். நாயகி அடுத்த வாரமும் அதே வயதில், அதே நண்பர்களோடு இருந்தாக வேண்டும். ஆறு பகுதிகளில் முடிந்துவிடும் கேசட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாயகியைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் வயதாக விடலாம். கடைசிப் பகுதி முழுவதையும் ஏறக்குறைய கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கலாம். இரண்டையும் அன்னோ செய்தார்.

கதையின் நடுவில் நோரிகோ என்ற பள்ளி மாணவி இருக்கிறாள். அவளுடைய தந்தையின் கப்பல் தொலைவெளியில் எதிரிகளால் தாக்கப்பட்டு, ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் சிதைந்த நிலையில் பறந்து வருகிறது. பூமியில் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கப்பலுக்குள் சில நாட்கள்தான் கழிந்திருக்கின்றன. அப்பா இன்னும் உயிரோடு இருக்கக்கூடும் என்று மகள் நம்புவதற்கு ஒரு சமன்பாடு இடம் கொடுக்கிறது. இரண்டாம் பகுதியில் இந்தக் காட்சி வரும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தச் சமன்பாட்டை ஒன்பதாம் வகுப்பு வடிவியலே தந்துவிடும். ஐன்ஸ்டைன் 1905இல் எடுத்துக்கொண்ட அடிப்படை இதுதான்: நீங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும், ஒளியை அளந்தால் அதே நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்தான் வரும். இதை ஏற்றுக்கொண்டு, கப்பலின் தரையில் ஒரு கண்ணாடியும் கூரையில் ஒரு கண்ணாடியும் பொருத்துவோம். இரண்டுக்கும் இடையே ஓர் ஒளித்துணுக்கு மேலும் கீழும் போய்வருகிறது. ஒவ்வொரு பயணமும் கடிகாரத்தின் ஒரு துடிப்பு. கப்பலுக்குள் இருக்கும் நோரிகோவுக்கு ஒளி செங்குத்தாக ஏறி இறங்குகிறது. பூமியிலிருந்து பார்ப்பவருக்கோ, ஒளி ஏறிக்கொண்டிருக்கும்போதே கூரை முன்னால் நகர்ந்துவிடுகிறது. ஆகவே ஒளி சாய்வாகப் போகிறது. சாய்வுப் பாதை நீளமானது. ஒளியின் வேகமோ இருவருக்கும் ஒன்றே. நீளமான பாதையை அதே வேகத்தில் கடக்க அதிக நேரம் பிடிக்கும். ஆகவே பூமியில் இருப்பவர் பார்வையில் அந்தக் கடிகாரம் மெதுவாகத் துடிக்கிறது.

எவ்வளவு மெதுவாக? கப்பல் ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் போகிறது என்று கொள்வோம். ஒளி சாய்வாக 5 அலகு போகும் நேரத்தில் கப்பல் 4 அலகு நகரும். பித்தாகரஸ் தேற்றப்படி செங்குத்துப் பக்கம் 3. பூமியில் 5 நொடி கழியும்போது கப்பலில் 3 நொடி. அவ்வளவுதான் கணக்கு. ஒளிக்கடிகாரத்துக்கு மட்டும் இப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நோரிகோவின் கைக்கடிகாரமும் இதயத்துடிப்பும் ஒளிக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், கப்பலின் சன்னலைச் சாத்திக்கொண்டே அவளால் தன் வேகத்தைக் கண்டுபிடித்துவிட முடியும். சீரான வேகத்தில் போகும் எவராலும் அது முடியாது என்பதுதான் சார்பியல் என்ற ஐன்ஸ்டைனின் இந்தக் கோட்பாட்டுக்கு மற்றொரு தூண்.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. வானிலிருந்து ஒவ்வொரு நொடியும் மியூவான்கள் என்ற நுண்துகள்கள் பொழிகின்றன. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மோதும்போது பிறப்பவை அவை. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். கணக்குப்படி ஏறக்குறைய எல்லாமே வழியிலேயே அழிந்துவிட வேண்டும். ஆனால் தரைக்கு ஏராளமாக வந்து சேர்கின்றன. அவற்றின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி ஒன்று இவற்றை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. காலம் மெதுவாக ஓடாவிட்டால் அந்தக் கருவிக்கு வேலையே இருந்திருக்காது.

1970களில் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் மியூவான்களை வளையத்தில் அடைத்து, ஒளியின் வேகத்தில் 99.94 சதவீதத்தில் சுற்றவிட்டார்கள். ஆயுள் 64 மைக்ரோ நொடியாக, அதாவது 29 மடங்காக நீண்டது. கணக்கு சொன்னதும் அதுவே. அந்த வளையத்தில் மியூவான்கள் தாங்கிய முடுக்கம் புவியீர்ப்பைப் போல 1-க்குப் பின் 18 சைபர் மடங்கு. அது ஆயுளை இம்மியும் மாற்றவில்லை. வேகம் ஒன்றுதான் கணக்கில் வந்தது.

தொடரில் நோரிகோ ஒரு பயணம் முடிந்து பூமிக்குத் திரும்பும்போது பத்து ஆண்டுகள் ஓடிப்போயிருக்கின்றன. பள்ளித்தோழி கிமிகோ கையில் ஒரு பெண் குழந்தையோடு வந்து நிற்கிறாள். நோரிகோவுக்கு அரை ஆண்டும் கிமிகோவுக்குப் பத்து ஆண்டும் கழிந்ததாக வைத்துக்கொண்டால் விகிதம் 20. அதற்கு ஒளியின் வேகத்தில் 99.875 சதவீதம் வேண்டும். வேகத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம், விலைதான் மலைக்கவைக்கும். ஒரே ஒரு கிலோ எடையை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக, எந்த இழப்பும் இல்லாவிட்டால்கூட, சுமார் 47,500 கோடி யூனிட் மின்சாரம் தேவை. ஒரு கிலோவுக்கு. ரோபோவின் எடையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எல்லாம் சார்பு என்றால், நோரிகோவின் பார்வையில் பூமிதானே விலகிப்போய்த் திரும்பி வருகிறது? கிமிகோ ஏன் இளமையாக இருக்கக்கூடாது? பல புத்தகங்கள் 'நோரிகோதான் முடுக்கப்பட்டாள்' என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். அது தவறில்லை, ஆனால் மனத்துக்குப் போதாது. செர்ன் மியூவான்களைப் பார்த்த பிறகு இன்னும் போதாது. இரு தோழிகளையும் ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒருவருக்கொருவர் வானொலியில் வாழ்த்து அனுப்ப வைப்போம்.

நோரிகோ 4 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கு, ஐந்தில் நான்கு பங்கு ஒளிவேகத்தில் போய் உடனே திரும்புகிறாள். பூமியில் போக 5 ஆண்டு, வர 5 ஆண்டு. அவளுக்குப் போக 3, வர 3. கிமிகோ பத்து வாழ்த்துகள் அனுப்புவாள். முதல் ஆண்டு முடிவில் அனுப்பிய வாழ்த்து, ஓடும் கப்பலைத் துரத்திக்கொண்டே போய், விண்மீனை அடையும் தறுவாயில்தான் அதைப் பிடிக்கிறது. மூன்று ஆண்டில் நோரிகோ கேட்டது ஒரே ஒரு வாழ்த்து. அவள் கப்பலைத் திருப்பியதும், வழியில் வந்துகொண்டிருக்கும் வாழ்த்துகள் எதிரே வந்து மோதுகின்றன. நான்கு மாதத்துக்கு ஒன்று வீதம் மூன்று ஆண்டில் ஒன்பது. ஆக மொத்தம் பத்து. தோழிக்குப் பத்து வயது கூடிவிட்டதை நோரிகோ தன் காதாலேயே எண்ணிவிட்டாள்.

மறுபக்கம் பாருங்கள். நோரிகோ அனுப்புவது ஆறு. விலகிப்போகும் கப்பலிலிருந்து வரும் வாழ்த்துகள் கிமிகோவுக்கு மூன்று ஆண்டுக்கு ஒன்று வீதம் வருகின்றன. இதுவரை இருவருக்கும் ஒரே நிலைதான்: எதிரிலிருப்பவர் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் வயதாகிறார். ஆனால் நோரிகோ திரும்பிவிட்ட செய்தி கிமிகோவுக்கு எப்போது தெரியும்? திரும்பியது ஐந்தாம் ஆண்டில். அந்தச் சேதி 4 ஒளியாண்டைக் கடந்து வர இன்னும் நான்கு ஆண்டு. ஆகவே ஒன்பதாம் ஆண்டுவரை மூன்றே வாழ்த்துகள். கடைசி ஓராண்டில் மீதி மூன்றும் நான்கு மாதத்துக்கு ஒன்றாக வந்து விழுகின்றன. மொத்தம் ஆறு. நோரிகோவுக்குத் திருப்பம் பயணத்தின் சரிபாதியில். கிமிகோவுக்கோ பத்தில் ஒன்பது பங்கு முடிந்த பிறகு. இருவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. திரும்பியவள் நோரிகோ என்பதை இருவரின் கணக்கும் ஒப்புக்கொள்கின்றன. பதினேழு வயதில் பிரிந்தவர்கள் சந்திக்கும்போது ஒருத்திக்கு 27, மற்றவளுக்கு 23.

இவ்வளவு நேர்மையான தொடர் மற்ற இடங்களில் கொஞ்சமும் கூச்சப்படுவதில்லை. கேசட்டுகளில் முக்கியக் கதைக்குப் பிறகு 'அறிவியல் பாடம்' என்ற பெயரில் சிறு துணுக்குகள் வந்தன. நாயகிகள் குள்ள உருவத்தில் வந்து பாடம் நடத்துவார்கள். அந்தப் பாடத்தின்படி விண்வெளி முழுவதும் ஈதர் நிரம்பியிருக்கிறது! ஒளி மிதந்துவருவதாக 19ஆம் நூற்றாண்டு நம்பிய அந்த ஊடகத்தை மைக்கெல்சன், மோர்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1887இல் தேடிப் பார்த்தார்கள். அதன் தடயமே அகப்படவில்லை. ஈதரை விரட்டிய சார்பியலையும் ஈதரையும் ஒரே கதையில் குடிவைத்தது துணிச்சலான குறும்பு. ஆனால் முழு அபத்தம் என்றும் சொல்ல மாட்டேன். நேரம் சுருங்கும் இதே சூத்திரத்தை ஐன்ஸ்டைனுக்கு முன்பே எழுதிவைத்த இயற்பியலாளர் லோரன்ட்ஸ், ஈதரை நம்பியவர்தான்.

கடைசிப் பகுதிக்கு வேறொரு கடிகாரம் வேண்டும். எதிரிகளின் கூடு பால்வெளியின் நடுவே இருக்கிறது. வியாழன் கோளையே மூலப்பொருளாக்கிய கருந்துளை வெடிகுண்டை அங்கே கொண்டுபோகிறார்கள். அதை இயக்கிவிட்டு நோரிகோவும் அவளோடு சேர்ந்து ரோபோவை ஓட்டும் கசுமியும் பூமிக்குத் திரும்பும்போது 12,000 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. ஈர்ப்பு வலுவாக உள்ள இடத்திலும் காலம் மெதுவாக ஓடும் என்பது உண்மைதான். வேகத்தால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ நொடி பிந்துகிறது. பூமியின் ஈர்ப்பிலிருந்து விலகி இருப்பதால் 45 மைக்ரோ நொடி முந்துகிறது. மிச்சமுள்ள 38-ஐத் திருத்தாவிட்டால் நம் கைப்பேசி வரைபடம் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் வழி தவறும்.

ஆனால் வியாழனின் நிறையைக் கருந்துளையாக நசுக்கினால் அதன் ஆரம் 2.8 மீட்டர்தான். நமக்கு ஓராண்டு கழிவதற்குள் வெளியே 12,000 ஆண்டு ஓட வேண்டுமானால், அதன் விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ரோபோவின் சுண்டுவிரல்கூட அங்கே நுழையாது. பால்வெளியின் நடுவே உண்மையாகவே இருக்கும் பெருங்கருந்துளையை எடுத்துக்கொண்டால் கதை கொஞ்சம் பிழைக்கிறது. அதன் நிறை சுமார் 43 லட்சம் சூரியன்கள். அங்கே அதே விளைவுக்கு விளிம்பிலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தள்ளி நிற்கலாம். ரோபோவுக்குத் தாராளமான இடம். விழாமல் அங்கே நிற்பதற்குப் புவியீர்ப்பைப் போல 400 கோடி மடங்கு முடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்பது தனிக் கதை.

இன்னொன்றும் உண்டு. பால்வெளியின் மையம் நம்மிடமிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நாயகிகள் ஒளியையே முந்திக்கொண்டு 12,000 ஆண்டில் திரும்பிவிட்டார்கள் என்றால், அவர்கள் வெடிக்கவைத்த குண்டின் ஒளி அப்போதும் பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்காது. அன்றைக்குப் பூமியில் யாராவது தனுசு ராசிப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பியிருந்தால், எதிரிகளின் கூடு அப்படியே பத்திரமாகத் தெரிந்திருக்கும். அது வெடிப்பதைப் பார்க்க இன்னும் 14,000 ஆண்டு காத்திருக்க வேண்டும்.