கவர் பாடல்: ஒரு சொல்லின் வரலாறும் அதற்குரிய தமிழும்

"கவர்" தமிழுக்குப் புதிய சொல் அன்று. கவர்தல் என்ற வினைக்கு மனத்தை ஈர்த்தல், பறித்துக்கொள்ளுதல் என இரண்டு பொருளும் உண்டு. கனியிருக்கக் காயைக் கவர்வது பற்றிய குறள் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் மனப்பாடம். பெயர்ச்சொல்லாக வரும்போது, மரத்தில் கிளை பிரியும் இடத்தையும் ஒரு பாதை இரண்டாகப் பிரிவதையும் அது குறிக்கும். இருபொருள்படும் தொடரைக் கவர்பொருள் என்று இலக்கணக்காரர் சொன்னதும் இதனால்தான். ஆகவே "கவர் பாடல்" என்ற தலைப்பை ஆங்கிலம் அறியாத பெரியவர் ஒருவர் வாசித்தால், அதை வினைத்தொகையாகக் கொண்டு, மனத்தைக் கவரும் பாடல் என்றோ பிறரிடமிருந்து கவர்ந்த பாடல் என்றோ பொருள்கொள்வார். அவர் தமிழில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இன்று அச்சொல்லை வழங்குவோர் கருதுவது இவ்விரண்டையும் அல்ல. "cover" என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தமிழெழுத்தில் எழுதியதால் வந்த மயக்கம் இது.

ஒருவர் பாடிப் பதிவாகி மக்களிடம் பரவிவிட்ட பாடலை, இன்னொருவர் தம் குரலிலும் தம் வாத்தியங்களிலும் புதிதாகப் பாடி அளிப்பதே கவர் எனப்படுகிறது. சொல்லும் மெட்டும் பழையவை. குரலும் வாசிப்பும் புதியவை. பழைய ஒலிப்பதிவையே எடுத்து வெட்டி ஒட்டித் தாளம் சேர்ப்பது ரீமிக்ஸ். பாடகரின் குரல் நீக்கப்பட்ட இசையோடு சேர்ந்து பாடுவது கரோக்கே. பழைய மெட்டில் புதிய சொற்களை வைத்துப் பாடுவது இன்னொரு வகை. முன்னைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் "வர்ணமெட்டு" என்று குறித்து, எந்தப் பாட்டின் மெட்டு என்பதையும் அச்சிட்டது அதற்காகத்தான்.

எங்கள் ஊரான திருகோணமலையில் இந்தச் செயல் நெடுங்காலமாக இருந்தது. இந்தச் சொல் அண்மையில்தான் வந்தது. கோயில் திருவிழாக் காலத்தில் சுவாமி உள்வீதி வந்து சேர்ந்த பிறகு, வெளிவீதியில் மேடை போட்டு, இரவு பத்து மணிக்குத் தொடங்கும் "இன்னிசை விருந்து" முழுவதும் இன்றைய கணக்கில் கவர் பாடல்களே. ஆனால் அதை அப்படி யாரும் அழைத்ததில்லை. "கோஷ்டி வருது" என்றார்கள். பின்னர் "இசைக்குழு" என்றார்கள். அத்தகைய இசைக்குழு ஒன்றில் பல ஆண்டுகள் பாடிய உறவினர் ஒருவரின் பாட்டுக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் நீல மையில் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் படத்தின் பெயர், பாடியவர் பெயர். வலப்பக்க ஓரத்தில் பென்சிலால் சுருதி. பதிவில் ஐந்து கட்டையில் இருந்த பாட்டுக்கு எதிரே, தம் குரலுக்கு ஏற்றபடி "நாலரை" என்று எழுதி, கீபோர்ட் வாசிப்பவருக்காக அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருக்கிறார். இடையிசை வரும் இடங்களில் "புல்லாங்குழல் இல்லை, கிற்றாரில்" என்ற குறிப்பு உண்டு. ஒரு பாட்டு எப்படி இன்னொருவருடைய பாட்டாகிறது என்பதை அந்தப் பென்சில் குறிப்புகளைப் போல எந்த அகராதியும் எனக்கு விளக்கியதில்லை.

கேட்போரிடையே நடந்த விவாதமும் இதைப் பற்றியதுதான். மணலில் சாக்கு விரித்து அமர்ந்திருந்த ஒருவர், "ஒறிஜினல்ல இருக்கிற மாதிரி அச்சொட்டாப் பாட வேணும் தம்பி, ஒரு சங்கதி தவறினாலும் அது பாட்டில்லை" என்று சொன்னதும், பக்கத்தில் இருந்த இளைஞர், "அச்சொட்டாக் கேட்க வேணுமெண்டால் வீட்டில இருந்து கசெட்டைப் போட்டுக் கேட்டிருக்கலாமே அண்ணை" என்று மறுத்ததும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளில் ஒரே இரவில் ஆங்கிலப் பாட்டும் பைலா என்ற சிங்கள ஆட்டப்பாட்டும் தமிழ்த் திரைப்பாடலும் வாசிக்கும் இசைக்குழுக்களின் ரசிகர்கள் இன்றும் இதே கேள்வியில்தான் பிரிந்து நிற்கிறார்கள். எந்தக் குழு சிறந்தது என்று கேட்டால், ஒரு பகுதியார் பதிவுக்கு நெருக்கமாக வாசிக்கும் குழுவையும், மறுபகுதியார் பாட்டைத் திருப்பிப் புதிதாகக் காட்டும் குழுவையும் சொல்வார்கள்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்புக்கும் இசை நயத்துக்கும் தொடர்பில்லை. அது சந்தையில் பிறந்தது. முழுதும் மூடுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் இப்பொருளைப் பெற்றது. ஒரு கம்பனியின் பாட்டு விற்பனையில் சூடுபிடித்தால், போட்டிக் கம்பனி அதே பாட்டைத் தன் பாடகரைக் கொண்டு விரைவாகப் பதிவுசெய்து கடைகளுக்கு அனுப்பும். அந்தப் பாட்டைப் பொறுத்தவரை தன் கையிலும் ஒரு தட்டு இருக்கிறது என்று சந்தையைக் காத்துக்கொள்வதே அதன் நோக்கம். சட்டமும் இதற்கு இடம் தந்தது. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு உரிமையாளரின் இசைவோடு ஒருமுறை பதிவாகிவிட்டால், அதன் பிறகு யாரும் ஒரு பிரதிக்கு 2 சதம் செலுத்தி அதே பாட்டைப் பதிவுசெய்யலாம்.

அந்த வழக்கத்தில் ஓர் அநீதியும் கலந்திருந்தது, அதைச் சொல்லாமல் இச்சொல்லை விளக்க முடியாது. நிறப் பாகுபாடு நிலவிய அக்காலத்தில், கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளைப் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்புவதில்லை. அதே பாட்டை வெள்ளையினப் பாடகர் பாடியதும் அது நாடெங்கும் ஒலித்தது. லிட்டில் ரிச்சர்ட் 1955இல் பாடி வெளியிட்ட பாட்டை வெள்ளையினப் பாடகர் பாட் பூன் உடனடியாகப் பாடி மேலான விற்பனை கண்டார். பிக் மாமா தோர்ன்ரன் 1953இல் வெளியிட்ட "ஹவுண்ட் டோக்" 1956இல் எல்விஸ் பிறெஸ்லியின் பாட்டாகவே உலகுக்குத் தெரியவந்தது. மூடுதல் என்ற சொல்லின் அடிப்பொருளை, மூலத்தை மறைத்தல் என்று சிலர் இங்கே பொருத்திப் பார்ப்பது இதனால்தான். சொல் அந்தக் கருத்தில் பிறக்கவில்லை என்றாலும், நடந்தது அதுவே.

1960களில் சொல்லின் மதிப்பு மாறியது. பீற்றில்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1963இல் வந்தபோது, அதிலிருந்த 14 பாடல்களில் 8 அவர்களே ஆக்கியவை; 6 பிறருடையவை. தாமே எழுதித் தாமே பாடுவது பெருமை என்ற எண்ணம் இத்தகைய குழுக்களால் வலுப்பெற்ற பிறகு, பிறர் பாட்டைப் பாடுவது ஒரு தனித் தெரிவாக, மரியாதையாக, சில வேளைகளில் சவாலாக மாறியது. ஓற்றிஸ் றெடிங் 1965இல் எழுதிப் பாடிய "றெஸ்பெக்ட்" என்ற பாடலை அறீத்தா பிராங்ளின் 1967இல் பாடியபோது, வீட்டுக்கு வரும் ஆண் கேட்ட மதிப்பு, தன் மதிப்பைத் தானே கோரும் பெண்ணின் குரலாயிற்று. இன்று பலர் அதையே மூலம் என்று நினைக்கிறார்கள்.

எது மூலம் என்ற கேள்வி நம் பக்கத்திலும் எளிதன்று. இலங்கைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய "சுராங்கனி" தமிழ்நாட்டில் திரைப்படம் வழியாகவும் பரவியதால், அது ஈழத்துப் பொப் இசையும் பைலாவும் சேர்ந்த கரையிலிருந்து போன பாட்டு என்பதை அறியாதோர் அங்கே உண்டு. எங்கள் ஊரைச் சேர்ந்த பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் சொந்தமாக இசையமைத்துப் பாடிய பாடல்களை இசைத்தட்டாகவே வெளியிட்டவர்கள். "உனக்குத் தெரியுமா" என்று தொடங்கும் அவர்களது பாட்டை இன்றைய இளைஞர் ஒருவர் கிற்றாரோடு பாடும்போது, அதன் மூலம் இந்த ஊரிலேயே பிறந்தது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மூலத்தின் பெயரைச் சொல்ல இடம் தராத எந்தச் சொல்லும் எனக்கு ஏற்புடையதன்று.

இனித் தமிழுக்கு வருவோம். "உறைப் பாடல்", "போர்வைப் பாடல்" என்பன ஆங்கிலச் சொல்லின் வேறொரு பொருளைப் பெயர்த்தவை, அவற்றைத் தள்ளிவிடலாம். "நகல் பாடல்" என்பது பாடுபவரை இழிவுபடுத்துகிறது. "மறுபாடல்", "மீள்பாடல்" என்பன பொருந்தாதவை அல்ல. ஆயினும் ஒருவர் தம் பாட்டையே மறுபடி பாடினாலும் அச்சொற்கள் பொருந்திவிடுகின்றன. கர்நாடக இசையில் பாடாந்தரம் என்ற சொல் இருக்கிறது. ஒரே கீர்த்தனை குருவுக்குக் குரு வேறுபட்டு வரும் வடிவை அது குறிக்கும். சீடன் கற்றுக்கொண்டு வரும் வடிவம் அது. கேட்டு விரும்பி எடுத்துப் பாடுவது அன்று.

நமக்கு வேண்டிய சொல்லின் வேர் இலக்கணத்திலேயே கிடக்கிறது. நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்த பவணந்தியார், நன்னூலில் வழிநூலுக்கு இவ்வாறு இலக்கணம் சொல்கிறார்: "முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்." முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்திருக்க வேண்டும், பின்வந்தவன் தான் வேண்டிய வேறுபாட்டையும் சொல்ல வேண்டும், மரபு அழியக்கூடாது. மணலில் இருந்த அந்த இருவரும் ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு வாதாடிய இலக்கணம் இந்த ஒரு நூற்பாவுக்குள் முழுமையாக இருக்கிறது. மூத்தவர் "முடிபொருங்கு ஒத்து" என்பதைக் கேட்டார். இளையவர் "பின்னோன் வேண்டும் விகற்பம்" என்பதைக் கேட்டார். ஒரு பகுதி ஒத்து மற்றது திரிந்து வருவதை அடுத்த நூற்பா புடைநூல், அதாவது சார்புநூல், என்கிறது. ரீமிக்ஸுக்கும், பழைய பாட்டின் ஒரு துண்டை எடுத்துப் புதுப்பாட்டுக் கட்டுவதற்கும் அந்த வகை பொருந்தும்.

தொல்காப்பிய மரபியல் இன்னும் ஒருபடி போய், வழியின் நெறி நான்கு என்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். இசைக்குழுக்களைக் கேட்டுப் பழகியவருக்கு இந்த நான்கும் காதில் விழுந்தவையே. யூரியூப்பில் பல்லவியும் ஒரு சரணமுமாகச் சுருக்கிப் பாடுவது தொகுத்தல். திருவிழா மேடையில் மக்கள் எழுந்து ஆடத் தொடங்கியதும் இடையிசையை நீட்டி, ட்ரம்ஸ் வாசிப்பவருக்கு இரண்டு நிமிடம் விட்டுக்கொடுப்பது விரித்தல். பல பாட்டுகளின் பல்லவிகளைச் சுருக்கிக் கோத்து, நடுவே ஒன்றை மட்டும் விரிவாகப் பாடிப்போவது தொகைவிரி. சிங்களப் பாட்டைத் தமிழிலும் தமிழ்ப் பாட்டைச் சிங்களத்திலும் பாடுவது மொழிபெயர்த்தல். தமிழும் சிங்களமும் பேசுவோர் வாழும் இந்த நகரத்துக்கு அது மிகவும் பழக்கமான வகை. நூலுக்குச் சொன்னதைப் பாட்டுக்கு ஏற்றுவது முறையா என்று கேட்கலாம். சொல்லும் மெட்டும் சேர்ந்து கட்டப்பட்டது பாட்டு. கட்டப்பட்டதை வழிமொழிவதற்கான நெறியே இது என்பதால், எனக்கு அதில் தடை தோன்றவில்லை.

ஆகவே கவர் பாடலை வழிப்பாடல் என்று வழங்கலாம் என்பது என் துணிபு. அதற்கு இணையாக ஒறிஜினலை "முதற்பாடல்" என்று சொல்ல ஆசைதான். ஆனால் கச்சேரியில் முதற்பாடல் என்றால் தொடக்கத்தில் பாடும் பிள்ளையார் பாட்டைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். மூலப்பாடல் என்பதே மயக்கமற்றது. மேடையில் நேரே வாசிப்பதற்கு "நேரிசை" என்று எழுதுவோரும் உண்டு. அது வெண்பாவின் வகைப் பெயராக முன்பே இருப்பதால் மேடையிசை என்பது நல்லது.

வழிப்பாடல் என்ற சொல் எல்லா இடத்துக்கும் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் கோணமாமலையைப் போற்றிப் பாடிய பதிகம், புறநீர்மைப் பண்ணில் இன்றும் கோணேசர் சந்நிதியில் ஒலிக்கிறது. ஓதுவார் பாடுவதையோ பிள்ளைகள் கூடிப் பாடுவதையோ வழிப்பாடல் என்று சொல்வது பிழை. ஒலிப்பதிவு இல்லாத காலத்துப் பாட்டுக்குச் சொல்லும் பண்ணுமே மூலம். பாடுகிற ஒவ்வொரு குரலும் அந்த மூலத்துக்கு ஒரே தொலைவில் நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட குரலின் பதிவு மக்கள் நினைவில் மூலமாக நிலைத்த பிறகுதான், அடுத்த குரல் வழியாகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கியோரின் உரிமையையும் பாடியோர், ஒலிப்பதிவு செய்தோர் உரிமைகளையும் தனித்தனியே காண்கிறது. வழிப்பாடல் பாடுபவர் பழைய ஒலிப்பதிவைத் தொடுவதில்லை, ஆயினும் சொல்லும் மெட்டும் ஆக்கியோருக்கு உரியவையே.

சென்ற மாதம் உப்புவெளியில் ஓர் இசைக்குழுவில் பாடும் மாணவர் ஒருவர், தம் காணொளிக்குத் தலைப்பு எழுதித்தரக் கேட்டார். "வழிப்பாடல்" என்று எழுதி, அடுத்த வரியில் "மூலம்" என்று இட்டு, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தொலைபேசியில் தட்டச்சுச் செய்தபோது ஓர் ஒற்று விடுபட்டுவிட்டது. "அந்தப் ப் கட்டாயம் வேணுமோ சேர்?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். அது இல்லாவிட்டால் வாசிப்பவருக்குக் கோயில் வழிபாடுதான் நினைவுக்கு வரும். அவர் திரும்பப் போய் அதைச் சேர்த்துவிட்டுத்தான் காணொளியை ஏற்றினார்.